பழைய ஃபோர் வீல் டிரைவில் செல்ஃப் எடுக்கவில்லையா? அறிகுறி வாரியாகக் கோளாறு பிடிக்கும் முறை

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலரும் முதலில் வாங்குவது புது பேட்டரி. அதற்கும் மசியவில்லை என்றால் புது செல்ஃப் மோட்டார். இரண்டையும் மாற்றிய பிறகும் ஈரமான ஒரு காலையில் அதே 'டக்' சத்தம்தான் வரும். கடைசியில் கழற்றிப் பார்த்தால், சேசிஸில் முடுக்கிய எர்த் லக்குக்கு (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்) அடியில் துரு மண்டிக் கிடக்கும். சேறும் தண்ணீரும் குலுக்கலும் இந்த வண்டிகளில் முதலில் தின்பது இணைப்புகளைத்தான். செல்ஃபும் பேட்டரியும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் ஒரே விதிதான்: அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள், அளப்பதையும் செல்ஃப் சுற்றும்போது அளங்கள். சும்மா நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் காட்டுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பத்து இழையில் ஒன்பது அறுந்த கேபிளும் அதே 12.6-ஐக் காட்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 1970-களிலிருந்து 1990-கள் வரை வந்த, தனி சேசிஸ் கொண்ட டீசல், பெட்ரோல் வண்டிகளுக்குப் பொருந்தும். 12 வோல்ட் கணக்கில் எழுதியிருக்கிறேன். 24 வோல்ட் செல்ஃப் உள்ள டீசல் வண்டி என்றால் (பழைய லேண்ட் குரூஸர்களில் சிலவற்றில் உண்டு) பேட்டரி வோல்ட்டை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

## கை வைப்பதற்கு முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், நல்ல தடிமனான ஜம்பர் கேபிள், கம்பி பிரஷ், எமரி தாள், ஸ்பானர் செட். இவ்வளவு போதும்.

வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பழைய ஜீப், லேண்ட் ரோவர் வகைகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் இருக்கும் ஷாஃப்டை. ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால் வண்டி நகர்ந்துவிடும். மோதிரம், வாட்ச், செயினைக் கழற்றி வையுங்கள். பேட்டரியை அவிழ்க்கும்போது எர்த் பக்கம் முதலில், மாட்டும்போது எர்த் பக்கம் கடைசியில். மிகப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் பக்கம் எர்த் ஆக இருக்கலாம், கேபிள் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் சேசிஸுக்கு எது போகிறது என்று பாருங்கள்.

செல்ஃபை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள்.

## முதல் சோதனை: ஹெட்லைட்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள்.

ஹெட்லைட்டே எரியவில்லை, அல்லது சாவி திருப்பியதும் மொத்தமாக அணைந்துவிடுகிறது என்றால் அறிகுறி 1.

ஹெட்லைட் கொஞ்சமும் மங்கவில்லை, செல்ஃபும் சத்தமில்லை என்றால் அறிகுறி 2.

ஒரே ஒரு 'டக்', வெளிச்சம் அப்படியே இருக்கிறது அல்லது லேசாக மங்குகிறது என்றால் அறிகுறி 3.

'டக டக டக' என்று அடிக்கிறது, வெளிச்சமும் கூடவே துடிக்கிறது என்றால் அறிகுறி 4.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, வெளிச்சம் நன்றாக மங்குகிறது என்றால் அறிகுறி 5.

ஒன்று மட்டும் முன்கூட்டியே: ஆற்றையோ ஆழமான தண்ணீரையோ தாண்டும்போது இன்ஜின் நின்றிருந்தால் சாவியைத் தொடாமல் நேராக அறிகுறி 10-க்குப் போங்கள்.

## அறிகுறி 1: எல்லாமே இருட்டு

முதலில் பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். நகர்ந்தால் அதுதான் கோளாறு. நகரவில்லை என்றாலும் கழற்றிப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் டெர்மினலின் உள்பக்கம் கறுப்பாக, கண்ணாடி போல ஒரு படலம் பிடித்திருக்கும், அது கரண்டை விடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, பிரஷ் போட்டு, ஈய நிறம் தெரியும் வரை தேயுங்கள். மாட்டி இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவலாம், உள்ளே தடவ வேண்டாம்.

அடுத்து, மீட்டர் முனையை பேட்டரியின் ஈயத் தண்டிலேயே வைத்து வோல்ட் பாருங்கள். ஓய்வில் 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. காலியாக இருந்தால் சார்ஜ் போட்ட பிறகுதான் மற்ற சோதனை எதுவும். ஏன் காலியானது என்பதை அறிகுறி 11-இல் தேடுங்கள்.

பேட்டரி சரி, டெர்மினல் சரி, ஆனாலும் இருட்டு என்றால் பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலிருந்து கிளம்பும் ஃபியூசிபிள் லிங்க்கை (பெரிய ஷார்ட்டில் தானே உருகிக் கரண்டை நிறுத்தும் வயர்) பாருங்கள். ஜப்பானிய வண்டிகளில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி வயர் துண்டாக இருக்கும். மேல் உறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு உருகிப் போயிருக்கும். மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே ஒன்றுமில்லை. சாதாரண வயரை அங்கே போட்டுச் சமாளிக்க வேண்டாம், அடுத்த ஷார்ட்டில் வயரிங் முழுவதும் எரியும். அதே அளவு லிங்க்கைப் போடுங்கள். போட்டதும் மறுபடி உருகினால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைத் தேடுவது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை.

## அறிகுறி 2: விளக்கெல்லாம் எரிகிறது, செல்ஃப் மட்டும் ஊமை

சாவியில் இருந்து செல்ஃப் வரை வரும் மெல்லிய வயர், அதாவது டிரிக்கர் வயர், உயிரில்லாமல் இருக்கிறது. காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் பார்க்கிங்கில் எடுக்காததை நியூட்ரலில் போட்டு அடித்துப் பாருங்கள், லீவரை லேசாக ஆட்டிக்கொண்டே. எடுத்தால் நியூட்ரல் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது இடம் நகர்ந்திருக்கிறது. மேனுவல் வண்டிகளில் சிலவற்றுக்கு கிளட்ச் ஸ்விட்ச் உண்டு, பெடலை அடிவரை அழுத்திப் பாருங்கள்.

அப்புறம் அலாரம். முன்பு இருந்த உரிமையாளர் எப்போதோ மாட்டி, பிறகு மறந்துபோன அலாரம் பெட்டி டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இவை பெரும்பாலும் டிரிக்கர் வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே போட்டிருக்கும். பழைய வண்டியில் ஊமைச் செல்ஃபுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பெட்டியைத்தான்.

இனி அளவு. செல்ஃப் மேலே இருக்கும் சொலினாய்டில் (செல்ஃபுக்குக் கரண்ட் கொடுக்கும் மின்காந்த ஸ்விட்ச்) ஒரு சின்ன முனை இருக்கும், பல வண்டிகளில் 50 என்ற எண் போட்டிருக்கும். டெஸ்ட் லேம்ப் கிளிப்பை எர்த்தில் மாட்டி, முனையை அங்கே வைத்து, இன்னொருவரை சாவி திருப்பச் சொல்லுங்கள்.

லேம்ப் எரியவில்லை என்றால்: கோளாறு செல்ஃபுக்கு முன்னால், கரண்ட் வரும் வழியில். ஃபியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே, சாவி ஸ்விட்ச் என்ற வரிசையில் பின்னோக்கி வாருங்கள். ரிலே இருந்தால் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயை (ஹார்ன் ரிலே பல வண்டிகளில் ஒத்துப்போகும்) மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாவி ஸ்விட்ச் தேய்ந்திருந்தால் சாவியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டும்போது எப்போதாவது எடுக்கும்.

லேம்ப் நன்றாக எரிகிறது, ஆனாலும் சத்தமில்லை என்றால்: சொலினாய்டு காயில் போயிருக்கிறது, அல்லது செல்ஃபுக்கு எர்த் இல்லை. எர்த்தை முதலில் பாருங்கள்.

மங்கலாக எரிகிறது என்றால்: மீட்டரை வைத்து அளங்கள். சாவி திருப்பியிருக்கும்போது பேட்டரியில் இருப்பதை விட இந்த முனையில் 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், சாவி ஸ்விட்ச்சும் முப்பது வருட வயரும் சேர்ந்து கரண்டைத் தின்கின்றன.

இந்த மூன்றாவது வகைக்கு நிரந்தரமான, மலிவான மருந்து ஒன்று உண்டு. செல்ஃபுக்குப் பக்கத்தில் 40 ஆம்பியர் ரிலே ஒன்றைப் போட்டு, பழைய டிரிக்கர் வயரை 86-இல் கொடுங்கள், 85-ஐ எர்த் செய்யுங்கள், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த வயரை 30-இல் கொடுத்து, 87-இலிருந்து சொலினாய்டுக்கு எடுங்கள். இதன் பிறகு சாவி ஸ்விட்ச் சுமப்பது ரிலேயின் சின்னக் கரண்ட் மட்டுமே. ஸ்டியரிங் லாக்கைக் கழற்றி சாவி ஸ்விட்ச் மாற்றும் தொல்லையும் பல நேரம் மிச்சம்.

எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய இடம்: தொழிற்சாலையிலேயே பொருத்திய இம்மொபிலைசரின் (திருட்டுத் தடுப்புச் சாதனம்) விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால். அதை பைபாஸ் செய்ய முயன்றால் வேலை இரட்டிப்பாகும்.

## அறிகுறி 3: ஒரே ஒரு 'டக்'

சொலினாய்டு இழுத்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. இங்கேதான் நல்ல செல்ஃப்கள் அநியாயமாகக் குப்பைக்குப் போகின்றன.

முதல் வேலை எர்த். தனி சேசிஸ் வண்டியில் பாடி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, இன்ஜினும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று, சேசிஸுக்கு ஒன்று என எர்த் தனித்தனியாகப் போக வேண்டும். பாடி எர்த் நன்றாக இருந்து இன்ஜின் எர்த் அறுந்திருந்தால் விளக்கெல்லாம் ஜோராக எரியும், செல்ஃப் மட்டும் எடுக்காது. கரண்ட் வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடித்த உடனே அந்தக் கேபிளின் உறை சூடாக இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

சோதிப்பது எளிது. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில், மறு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் கடித்து வையுங்கள். இப்போது செல்ஃப் எடுத்தால் எர்த் ஸ்ட்ராப்பை மாற்றுங்கள், கதை முடிந்தது. மாட்டும் இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டி, பல் வாஷர் போட்டு, இறுக்கிய பிறகு மேலே பெயின்ட் அடியுங்கள்.

எடுக்கவில்லை என்றால் பாசிட்டிவ் கேபிள். லக்குக்கு ஒட்டினாற்போல் உறை லேசாக உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உப்பிய இடத்தில் பிளேடால் கீறினால் உள்ளே செம்பு இருக்காது, பச்சைப் பொடிதான் கொட்டும். அரை அடி தள்ளிக் கீறினாலும் இழை கறுத்திருந்தால் லக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, முழுக் கேபிளையும் மாற்றுங்கள். பெட்ரோலுக்கு 35 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 50 என்ற அளவில், சுத்தச் செம்பாக வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் பார்க்க ஒன்று போலவே இருக்கும், நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

வின்ச், கூடுதல் விளக்கு, ஏர் கம்ப்ரஸர் என்று பாசிட்டிவ் டெர்மினலில் லக் மேல் லக்காக அடுக்கியிருந்தால், செல்ஃப் கேபிள் எல்லாவற்றுக்கும் அடியில், டெர்மினலை ஒட்டி இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஒவ்வொரு லக்கின் துருவையும் தாண்டித்தான் கரண்ட் வரும்.

கேபிள் இரண்டும் சரி என்றால் இப்போது செல்ஃப் மேல் சந்தேகப்படலாம். சுத்தியல் பிடியால் செல்ஃப் உடம்பில் லேசாகத் தட்டிக்கொண்டே சாவி திருப்பச் சொல்லுங்கள். எடுத்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஓங்கி அடிக்க வேண்டாம், காந்தம் வைத்த செல்ஃபாக இருந்தால் உள்ளே காந்தம் உடையும்.

இன்னொரு சாத்தியம், சொலினாய்டுக்குள் இருக்கும் செம்பு காண்டாக்ட். லேண்ட் குரூஸர் போன்ற வண்டிகளில் வரும் டென்ஸோ கியர் ரிடக்ஷன் செல்ஃபில் இது மிகச் சாதாரணம். பத்துத் தடவை 'டக்', பதினோராவது தடவை ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். சொலினாய்டின் மூடியைக் கழற்றினால் இரண்டு செம்புத் துண்டும் நடுவில் ஒரு பிளஞ்சரும் இருக்கும். ஒரு துண்டு மற்றதை விட அதிகமாகத் தேய்ந்து, பிளஞ்சர் தட்டு அதன் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இரண்டு துண்டையும் பிளஞ்சரையும் ஒன்றாக மாற்றுங்கள். புது செல்ஃப் வாங்கத் தேவையே இல்லை. கழற்றுவதற்கு முன் பேட்டரி எர்த்தை அவிழ்க்க மறக்காதீர்கள், செல்ஃபில் இருக்கும் தடித்த கேபிளுக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது.

இதற்கும் எடுக்கவில்லை என்றால் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு (கைப்பிடி போட்டுச் சுற்றும் பழைய வண்டி என்றால் அதையே போட்டு) இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் இது எலக்ட்ரிக்கல் விவகாரமே இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 4: டக டக டக டக

இதற்கு நீண்ட கதை இல்லை. பத்தில் எட்டு ஒன்பது முறை பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது டெர்மினல் லூசாக இருக்கும். அறிகுறி 1-இல் சொன்னபடி சுத்தம் செய்து, சார்ஜ் போட்டுப் பாருங்கள். முழு சார்ஜுள்ள பேட்டரி, சுத்தமான டெர்மினல், சுற்றும்போது வோல்ட்டும் விழவில்லை, அப்படியும் டகடகத்தால் சொலினாய்டின் இரண்டு காயில்களில் பிடித்து வைக்கும் காயில் அறுந்திருக்கிறது. சொலினாய்டை மாற்ற வேண்டும்.

ஜம்ப் கொடுக்கும்போது கறுப்புக் கேபிளின் கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். பொறி பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் பறக்காது, கெட்ட எர்த் இருந்தால் அதுவும் தாண்டப்படும். மாட்டியதும் உடனே அடிக்காமல் சில நிமிடம் விடுங்கள். 24 வோல்ட் வண்டியிலிருந்து 12 வோல்ட் வண்டிக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது.

இரட்டைப் பேட்டரி வண்டிக்கு ஒரு தனிக் குறிப்பு. 24 வோல்ட் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சீரீஸில் (ஒன்றின் பாசிட்டிவ் மற்றதன் நெகட்டிவோடு) இணைந்திருக்கும். 12 வோல்ட் ரேடியோவுக்காக யாரோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் பசியில் இருக்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகி வறண்டு போகும். இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மாற்றினால் ஒரே வயது, ஒரே அளவில் இரண்டையும் மாற்றுங்கள், ரேடியோவை ஒரு கன்வெர்ட்டருக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி 5: செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது

மீட்டருக்கு உண்மையான வேலை இங்கேதான். இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க, டீசல் என்றால் பம்பில் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டு வயரைக் கழற்றி வையுங்கள், பெட்ரோல் என்றால் காயிலின் மெல்லிய வயரை. சாவி திருப்ப ஒருவர், மீட்டர் பார்க்க ஒருவர். ஒவ்வொரு அளவுக்கும் நாலைந்து விநாடி சுற்றினால் போதும்.

அளவு ஒன்று: மீட்டரின் இரு முனையும் பேட்டரியின் ஈயத் தண்டுகளில், கிளாம்பில் அல்ல. சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. எது என்று தெரிய, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த பேட்டரியை மாற்றி வைத்துப் பாருங்கள். மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றை விட வெகுவாகக் குறைந்திருந்தால் எவ்வளவு சார்ஜ் போட்டும் பிரயோஜனமில்லை.

அளவு இரண்டு: சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் தண்டில், கறுப்பு முனை செல்ஃபின் பெரிய போல்ட்டில். சுற்றும்போது 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் அந்தக் கேபிளிலோ அதன் இரு நுனியிலோ கோளாறு.

அளவு மூன்று: சிவப்பு முனை செல்ஃப் உடம்பில், கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் தண்டில். 0.3-க்குள். பழைய வண்டிகளில் அதிகம் தோற்பது இந்த அளவில்தான். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டும் வண்டிகளைக்கூட "பேட்டரி சரியில்லை" என்று ஓட்டிக்கொண்டிருப்பார்கள். தோற்றால் கறுப்பு முனையை அப்படியே வைத்துவிட்டு, சிவப்பு முனையை மட்டும் இன்ஜின், எர்த் ஸ்ட்ராப்பின் இன்ஜின் பக்க லக், சேசிஸ், பேட்டரி கிளாம்ப் என ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்த்துங்கள். எந்த இரண்டு படிக்கு நடுவே எண் திடீரென்று இறங்குகிறதோ, அங்கே இருக்கிறது துரு.

அளவு நான்கு: சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் குறுக்கே. 0.3-க்கு மேல் என்றால் அறிகுறி 3-இல் சொன்ன காண்டாக்ட்.

நான்கும் பாஸ், ஆனாலும் சோம்பல் என்றால் இனி செல்ஃபைக் கழற்றலாம். பிரஷ், புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்), ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் பகுதி) மூன்றையும் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து உடம்பில் உரசும், உரசிய இடம் பளபளவென்று தெரியும். பிரஷ், புஷ் வரை வீட்டிலேயே செய்யலாம். ஆர்மேச்சர் கறுத்து எரிந்த வாடை அடித்தால் செல்ஃப் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள்.

சூடானால் மட்டும் எடுக்கவில்லை என்றால்? அதே நான்கு அளவையும் சூட்டில் திரும்ப எடுங்கள், கூடவே 50-ஆம் முனையின் வோல்ட்டையும். சைலன்சர் மேனிஃபோல்டுக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு சூட்டில் இழுக்கத் திணறும். பெரும்பாலும் அறிகுறி 2-இல் சொன்ன ரிலேயும், கழன்று தொலைந்துபோன வெப்பத் தகட்டைத் திரும்ப மாட்டுவதும் போதும்.

## அறிகுறி 6: செல்ஃப் விர்ரென்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை

பினியன் (செல்ஃப் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) முன்னால் வந்து ஃப்ளைவீல் பல்லைப் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தும் வழுக்குகிறது. சேற்றில் ஓடிய வண்டி என்றால் முதலில் செல்ஃபைக் கழற்றி மூக்குப் பகுதியைப் பாருங்கள். கிளட்ச் தூளும் காய்ந்த சேறும் கலந்து ஷாஃப்டில் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். சுத்தம் செய்து மிகக் கொஞ்சமாகக் கிரீஸ் தடவினால் போதும், அள்ளி அப்பினால் அடுத்த சேற்றையும் அதுவே பிடித்து வைக்கும்.

பினியனைக் கையால் இரு பக்கமும் திருப்புங்கள். ஒரு பக்கம் சுற்ற வேண்டும், மறு பக்கம் பூட்ட வேண்டும். இரு பக்கமும் சுற்றினால் பெண்டிக்ஸ் (பினியனோடு சேர்ந்த ஒருவழி கிளட்ச்) மாற்ற வேண்டும்.

'கர்ர்' என்று பல் அரைக்கும் சத்தம், வண்டியைக் கியரில் போட்டு ஓரடி தள்ளினால் சரியாகிவிடுகிறது என்றால் ஃப்ளைவீலின் விளிம்பில் இருக்கும் ரிங் கியரில் ஒரு பகுதி பல் தேய்ந்திருக்கிறது. அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், ஃபோர் வீல் டிரைவில் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து இறங்கும். மெக்கானிக் வேலை. கிளட்ச் மாற்றும் நேரம் நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

## அறிகுறி 7: நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை (டீசல்)

சைலன்சரைப் பாருங்கள்.

புகையே இல்லை: டீசல் உள்ளே போகவில்லை. பம்பில் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டில் விரலை வைத்து, ஒருவரை சாவியை ஆன் செய்யச் சொல்லுங்கள். 'டிக்' என்று விரலில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்த வயரில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வையுங்கள். வரவில்லை என்றால் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச். கரண்ட் வந்தும் டிக் இல்லை என்றால் சொலினாய்டு. நடுவழியில் மாட்டிக்கொண்டால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக ஒரு ஃபியூஸ் வைத்த வயரை அதற்குக் கொடுத்து வீடு வந்து சேரலாம். நினைவிருக்கட்டும், இப்போது சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது, வயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். சொலினாய்டு சரியாக இருந்தால் இது எரிபொருள் வழிக் கோளாறு, பெரும்பாலும் ஃபில்டர் அடைப்பு அல்லது ஏர்லாக்.

வெள்ளைப் புகை, டீசல் வாடை: டீசல் போகிறது, சூடு இல்லை. ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைவதை நம்ப வேண்டாம், பல வண்டிகளில் அது வெறும் டைமர். பிளக்குகளை இணைக்கும் பட்டையில் டெஸ்ட் லேம்ப் வைத்து சாவியை ஆன் செய்யுங்கள். எரியவில்லை என்றால் ரிலே அல்லது அதன் பெரிய ஃபியூஸ். எரிந்தால் சாவியை ஆஃப் செய்து, பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கின் நுனிக்கும் இன்ஜினுக்கும் நடுவே மீட்டரில் ஓம் பாருங்கள். சுமார் 1 ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டுவது நல்லது, மீட்டர் அசையவே இல்லை என்றால் எரிந்துவிட்டது. சூடாகிறதா என்று பார்க்க நேரடியாக 12 வோல்ட் கொடுக்காதீர்கள். சில வண்டிகளில் 6 வோல்ட் பிளக் போட்டிருப்பார்கள், எண் பிளக்கிலேயே பொறித்திருக்கும், நேராகக் கொடுத்தால் நுனி உருகி சிலிண்டருக்குள் விழலாம்.

ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம். சூடான பிளக்கில் பட்டு வெடித்தால் பிஸ்டன் போகும்.

## அறிகுறி 8: நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை (பெட்ரோல்)

சாவி திருப்பியிருக்கும் வரை ஓடுகிறது, விட்டதும் அணைகிறது என்றால் பிளாட்டின (பாயின்ட்) வகை இக்னிஷனில் பாலஸ்ட் ரெசிஸ்டர் (ஓடும்போது காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைப்பது) போயிருக்கிறது, அல்லது சாவி ஸ்விட்ச்சின் ஆன் நிலை தேய்ந்திருக்கிறது. சாவி ஆனில் காயிலின் பாசிட்டிவ் முனையில் கரண்ட் இல்லையென்றால் இந்த இரண்டில் ஒன்று.

பிடிக்கவே இல்லை என்றால் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜினில் எர்த் செய்து பொறி பாருங்கள். பொறி இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே ஈரத்தைத் துடையுங்கள், கார்பன் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள், பாயின்டைத் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்யுங்கள் (பெரும்பாலான இன்ஜின்களுக்கு 0.4 மில்லிமீட்டருக்கு அருகில்). இன்ஜெக்ஷன் வண்டி என்றால் சாவி ஆன் செய்ததும் ஓரிரு விநாடி பம்ப் முனகல் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் ரிலே. சில வண்டிகளில் மோதலில் பெட்ரோலை நிறுத்தும் இனர்ஷியா ஸ்விட்ச் உண்டு, கரடுமுரடான பாதையில் அது தானாக விழுந்துவிடும், மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். பம்பும் ஓடுகிறது, பொறி மட்டும் இல்லை என்றால் ஸ்கேனரோ ஆஸிலோஸ்கோப்போ வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

## அறிகுறி 9: சாவியை விட்டும் செல்ஃப் நிற்கவில்லை

யோசிக்க நேரமில்லை. பேட்டரி எர்த்தைப் பிடுங்குங்கள். செல்ஃப் கேபிள் சிவந்து தீப்பிடிக்க அதிக நேரம் ஆகாது. வின்ச் வைத்த வண்டிகளில் பேட்டரி கட் ஆஃப் ஸ்விட்ச் போட்டு வைப்பதன் அருமை இங்கேதான் தெரியும்.

காரணம் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், சாவி ஸ்விட்ச்சின் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், சொலினாய்டு காண்டாக்ட் வெல்ட் ஆகியிருக்கலாம். 50-ஆம் முனை வயரைக் கழற்றிவிட்டு பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் சொலினாய்டு, சுற்றவில்லை என்றால் மற்ற இரண்டில் ஒன்று.

## அறிகுறி 10: தண்ணீர் தாண்டிய பிறகு எடுக்கவில்லை

தண்ணீருக்குள் இன்ஜின் நின்றிருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் ஹீட்டர் பிளக்கையோ ஸ்பார்க் பிளக்கையோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் செல்ஃப். ஃபில்டர் நனைந்திருப்பது தெரிந்தும் இதைச் செய்யத் துணிச்சல் இல்லை என்றால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். கியரில் போட்டு இழுத்து ஸ்டார்ட் செய்வதும் செல்ஃப் அடிப்பதும் இங்கே ஒன்றேதான்.

ஃபில்டர் காய்ந்திருக்கிறது, இன்ஜின் கையால் லேசாகச் சுற்றுகிறது என்றால் செல்ஃபுக்குள் தண்ணீரும் மணலும். அன்றைக்கு எடுத்துவிட்டாலும், அந்த வாரமே கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். விட்டுவிட்டால் புஷ் துருப்பிடித்து அறிகுறி 5-இல் வந்து நிற்பீர்கள்.

## அறிகுறி 11: இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது

முதலில் சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் பெல்ட், பிறகு ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் இணைப்புகள், அதன் பிறகுதான் ஆல்டர்னேட்டர்.

சார்ஜ் சரி என்றால் எதுவோ ரகசியமாகக் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவு ஸ்விட்ச்சை அழுத்தி வைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, தண்டுக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் மாட்டுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 500 காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர் போகிறது, 70 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று நாளில் பாதியாகிவிடும்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில் தேடுங்கள். ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்த வயர்களை மறந்துவிட வேண்டாம். பழைய ஃபோர் வீல் டிரைவில் குளிர்பெட்டி, வின்ச் ரிமோட், இரட்டைப் பேட்டரி ஐசோலேட்டர் எல்லாமே அப்படித்தான் இருக்கும். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ஐசோலேட்டர் ரிலே ஒட்டிக்கொண்டால் இரவெல்லாம் ஓடும் குளிர்பெட்டி செல்ஃப் பேட்டரியையும் சேர்த்தே காலி செய்யும்.

எந்த ஃபியூஸுக்கும், எந்தக் கூடுதல் வயருக்கும் எண் விழவில்லை என்றால், பேட்டரியை அவிழ்த்துவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்து, மீட்டரைத் திரும்ப மாட்டுங்கள். இப்போது விழுந்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போயிருக்கிறது. அந்த வயரைத் திரும்ப மாட்டி, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏ.சி. வோல்ட் அளந்தால் 0.5-க்கு மேல் காட்டுவதும் அதையே சொல்லும். டயோடு பிளேட்டைச் சாலிடர் எடுத்து மாற்றும் கைப்பழக்கம் இல்லை என்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுக்கும் வரை, நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பேட்டரி எர்த்தை அவிழ்த்து வைத்தால் வண்டி ஓடும்.